மிதித்தேனா, லோஜி

மேல் டிவிஷன்,
ராகலை.
12.05.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி லோஜினி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்டுவிட்டேன்.

உங்கள் கார் வீட்டுக்கு வந்துவிட்டது. வழக்கு முடிந்ததால் பொலிஸில் விட்டுவிட்டார்கள். அப்பா போய்க் கைநாட்டு வைத்தார். தேயிலைக் கொழுந்து லொறியின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். யோகேஸ்வரன் அண்ணன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். பிரேக் இல்லாத கார் என்பதால் இரண்டு பேர் ஆளுக்கொரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள். லொறி நின்ற இடமெல்லாம் ஓடிப்போய் டயருக்கு அடியில் கல் வைத்தார்கள். அதைப் பார்த்து யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

லயத்தில் எல்லா வீட்டாரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அந்தக் காரில் ஏறாத வீடு இங்கே எது? பேச்சியம்மா அத்தை மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவரை என்ன சொல்வது அண்ணா. கிளினிக்குக்குப் போக வீரய்யா மாமாவுக்குச் சால்வை போர்த்தி உங்கள் காரில் ஏற்றிவிட்டவர் அவர்தானே. சால்வை மட்டும்தானே திரும்பி வந்தது.

நம் கோவாப் பாத்திக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, நீலப் படங்கு போட்டு மூடியிருக்கிறேன். முன்பக்கம் இடது மூலை முழுக்க நசுங்கியிருக்கிறது. அம்மா விற்றுவிடலாம் என்கிறார். "அவன் வந்து எதைடி ஓட்டுவான்?" என்று அப்பா ஒரே சத்தம். நான் அப்பா பக்கம்.

பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு, கழுவுவது, தண்ணீர் பார்ப்பது, ஒயில் பார்ப்பது எல்லாம் என் வேலையாகத்தானே இருந்தது. காரை ஹயருக்குப் பிடிக்க வருகிறவர்களிடம், "என் கராஜே என் தங்கச்சிதான்" என்று சொல்வீர்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். இப்போது என்ன என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். நீங்கள் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புத் தங்கை,
லோஜினி


சிறைச்சாலையிலிருந்து
02.06.2024

அன்பு லோஜிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாக் கடிதத்தையும் பிரித்து வாசித்துவிட்டுத்தான் தருவார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஐயா வேலைக்கு வரும் நாள் வரை அது மேசையிலேயே கிடக்கும். அதனால் என் பதில் பிந்தினால் கோபிக்காதே. வீட்டுச் சண்டை எதையும் எழுதாதே, ஐயா படித்துச் சிரிப்பார்.

கார் வந்தது கேட்டு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் சோறு நன்றாக இறங்கியது.

கராஜ்காரி, கவனமாகக் கேள். முதலில் பெட்டரி வயரைக் கழற்றிவிடு, கறுப்பு வயர் முதலில். பெட்டரியை யோகேஸ்வரனிடம் கொடுத்தால் சார்ஜ் போட்டுத் தருவான். ஜாக்கி போட்டு நான்கு பக்கமும் கல் அடுக்கித் தூக்கி வை. டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் வெடித்துப்போகும். மழை விட்ட நாளில் படங்கை எடுத்துக் காற்று வாங்க விடு. பொனட்டுக்குள் எலி வராமல் பார். வயர் என்றால் அதுகளுக்குப் பலகாரம்.

நான் சுகம். காலையில் தோட்ட வேலை, மண் வெட்டுகிறோம். சுனில் என்று சிங்களவர் ஒருவர் என்னோடு இருக்கிறார். வெளியே போனதும் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. அவருக்குக் கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கிறேன். கூட்டுகிற தும்புத்தடிதான் கியர். கிளச்சுக்கு ஒரு செருப்பு, பிரேக்குக்கு ஒரு செருப்பு. நேற்று மூன்றாம் கியரில் சுவரில் மோதிவிட்டார்.

அம்மாவிடம் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அண்ணன்,
தனுஷன்


ராகலை,
23.06.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னதெல்லாம் செய்துவிட்டேன். கறுப்பு வயர் முதலில்தான் கழற்றினேன். கல் அடுக்க அப்பா உதவி செய்தார். எலி ஏற்கெனவே குடிவந்துவிட்டது அண்ணா. ஏர் பில்டர் பெட்டிக்குள் ஐந்து குட்டி, கண் திறக்காமல் ரோஸ் நிறத்தில். மெத்தை எது தெரியுமா? அம்மா காணோம் காணோம் என்று தேடின மஞ்சள் ரவிக்கைத் துணி. அம்மாவுக்குக் கோபத்தை விட வெட்கம்தான் கூட. "ஊருக்கே சொல்லாதடி" என்றார். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், ஐயாவும் படிப்பார் என்பதை மறந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். பேச்சியம்மா அத்தை துவைத்துக்கொண்டிருந்தார். என் வாளியைப் பார்த்தார்.

"எதுக்குத் தண்ணி? காருக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நல்லா கழுவு. ஒங்க மாமா ரத்தம் சீட்டுல காஞ்சி போயிருக்கும். சவுக்காரம் போட்டுக் கழுவு. அப்பத்தான் ஒங்கண்ணன் வந்து அடுத்த ஆள ஏத்தலாம்."

பக்கத்தில் இருந்தவர்கள், "விடு அக்கா, அது என்னா செஞ்சிச்சி பாவம்" என்றார்கள். அத்தை விடவில்லை. "பெட்ரோல மிச்சம் புடிக்க நியூட்ரல்ல விட்டான். அதுல எங்க வீட்டு ஆளு போச்சி. கோட்டுல அவனே ஒத்துக்கிட்டான்ல? நானா சொன்னேன்?" என்று சொல்லித் துணியை அடி அடியென்று அடித்தார்.

நான் பாதி வாளியோடு வந்துவிட்டேன். எனக்குத் திருப்பிப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அதே நினைவாக இருக்கிறது. அண்ணா, அன்று நியூட்ரலில் விட்டீர்களா? கேட்டதற்குக் கோபிக்க வேண்டாம். நீங்கள் எதைச் சொன்னாலும் நான் நம்புவேன்.

லோஜினி


சிறைச்சாலையிலிருந்து
14.07.2024

அன்பு லோஜிக்கு,

கோபம் இல்லை. இத்தனை நாளில் என்னிடம் கேட்ட ஒரே ஆள் நீதான். பொலிஸில் எழுதிக்கொண்டார்கள், கேட்கவில்லை.

பெட்ரோல் கிடைக்காத வருஷம் நியூட்ரலில் விட்டிருக்கிறேன். இந்த மலையில் விடாத டிரைவர் யார்? அன்று விடவில்லை. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. குலுக்காமல் மூன்றாம் கியரில் மெதுவாக இறங்கினேன். கோயில் வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் தரை வரைக்கும் போய்விட்டது. அடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி. திரும்பத் திரும்ப மிதித்தேன். கியரைக் குறைக்கப் பார்த்தேன், விழவில்லை. மாமா, "தம்பி, தம்பி" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு மரம்.

அதற்கு முந்தின இரண்டு நாளும் பிரேக் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. நன்றாகப் பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

காரைப் பார்த்த பரிசோதகர், மோதினதில் பைப் உடைந்து பிரேக் ஒயில் எல்லாம் கொட்டிவிட்டது, மோதுவதற்கு முன்பே பிரேக் போயிருந்ததா என்று சொல்ல முடியாது என்று எழுதிக் கொடுத்தார். ஒப்புக்கொண்டால் குறைவாகத் தீரும், இல்லாவிட்டால் பல வருஷம் இழுக்கும் என்று வக்கீல் சொன்னார். ஒப்புக்கொண்டேன். இரண்டு வருஷம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எனக்கே சந்தேகமாக இருக்கிறது லோஜி. உண்மையில் மிதித்தேனா? பயத்தில் கால் கிளச்சிலேயே நின்றுவிட்டதா? முந்தின நாள் கண்டி போய்வந்த அலுப்பில் கண் அசந்தேனா? யோசிக்க யோசிக்க ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரித் தெரிகிறது.

எனக்காக ஒன்று செய். ராசிக் நானாவை கராஜிலிருந்து ஒரு நாள் கூட்டி வந்து பிரேக்கை முழுதாகக் கழற்றிப் பார்க்கச் சொல். நீ கூடவே நில். அது முன்பே போயிருந்ததா, இல்லையா? அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. நல்ல பிரேக்காக இருந்தால், நான்தான் மிதிக்கவில்லை. அதையாவது நிச்சயமாகத் தெரிந்துகொண்டு இருந்துவிடுவேன். தெரியாமல் இருக்கத்தான் முடியவில்லை.

தனுஷன்


ராகலை,
11.08.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். இங்கே விடாத மழை. கோவா அழுகிவிட்டது. அப்பாவுக்கு இருமல், ஆனாலும் பேக்டரிக்குப் போகிறார்.

ராசிக் நானா வந்து பார்த்தார். இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதன் பிறகு எழுதுகிறேன்.

கை வலியாக இருக்கிறது. அதிகம் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

லோஜினி


சிறைச்சாலையிலிருந்து
08.09.2024

அன்பு லோஜிக்கு,

கராஜ்காரிக்குக் கை வலியா? எண்ணெய் போட்டுத் தேய்.

போன கிழமை நீ அம்மாவோடு என்னைப் பார்க்க வந்தாயே, அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து "கார் நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். நானா என்ன சொன்னார் என்று கேட்டேன். உனக்குக் கேட்கவில்லை போல. அந்தச் சத்தத்தில் யாருக்கும்தான் கேட்காது. நீ மெலிந்திருந்தாய்.

நானா ஒன்றும் சொல்லாமல் போயிருந்தால், பிரேக் நன்றாக இருந்திருக்கிறது, அதை உன் வாயால் சொல்ல உனக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அது உன் குணம்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் என் வலது கால் உதைக்கிறதாம். சுனில் சொல்கிறார். முதலில் சிரித்தார்கள், இப்போது என் பக்கத்தில் படுக்க யாருக்கும் விருப்பமில்லை. விழித்ததும் முதலில் வாயில் வருவது அந்தக் கேள்விதான். மிதித்தேனா?

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பேச்சியம்மா அத்தைக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன். ஓட்டும்போது நான் தூங்கிவிட்டேன், பிரேக்கை மிதிக்கவே இல்லை, மாமாவைக் கொன்றது நான்தான் என்று. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தக் கால் நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. நீதான் வாசித்துக் காட்ட வேண்டும்.

தனுஷன்


ராகலை,
06.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அத்தைக்கு அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம்.

இதை முதலில் வாசிக்கப் போகிற ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, வாசித்துவிட்டு அண்ணாவிடம் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். என்னை என்ன செய்ய வேண்டுமோ பிறகு செய்யுங்கள்.

அண்ணா, நீங்கள் மிதித்தீர்கள். உங்கள் கண் அசரவில்லை. கால் கிளச்சில் நிற்கவில்லை. நீங்கள் மிதித்தீர்கள், பிரேக் இல்லை. எனக்குத் தெரியும்.

ராசிக் நானா ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமை வந்தார். பொனட்டைத் திறந்து பிரேக் ஒயில் ஊற்றுகிற சின்னப் போத்தலின் மூடியைக் கழற்றினார். மூடிக்குள் ஒரு ரப்பர் இருக்கும், நான் எத்தனையோ முறை கழற்றி மாட்டியிருக்கிறேன். அது ஊறின அப்பளம் மாதிரி நெளிந்து பெரிதாகக் கிடந்தது. திரும்பி மூடிக்குள் போகவே இல்லை. நானா அதை விரலால் நசுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு உள்ளே இருக்கிறதையும் கழற்றினார். அதிலும் ரப்பர் எல்லாம் அப்படித்தான்.

"புள்ள, இது அடிபட்டு வந்த கோளாறு இல்ல. யாரோ வேற எண்ணெய ஊத்தியிருக்காங்க. மெஷின் எண்ணெய் மாதிரி. அது பட்டா இந்த ரப்பர் ஊதிரும். மொதல்ல பிரேக் இறுக்கிப் புடிக்கும். பொறகு ஒரு எறக்கத்துல மொத்தமா கைவிட்டுரும். இத ஊத்தினவன் யாரு?"

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. நானாவிடம் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அடுப்பங்கரைத் தட்டில் இரண்டு சோடாப் போத்தல் இருக்குமே. ஒன்றில் நீங்கள் டவுனிலிருந்து வாங்கி மிச்சம் வைத்த பிரேக் ஒயில். மற்றதில் கதவுக் கீலுக்குப் போட அப்பா பேக்டரியிலிருந்து கொண்டுவந்த மெஷின் எண்ணெய். இரண்டும் ஒரே மாதிரி மஞ்சள். பிரேக் ஒயில் போத்தலின் கழுத்தில் நீங்கள் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தீர்கள். "துணி கட்டினது காருக்கு, கட்டாதது கதவுக்கு" என்று எனக்குச் சொல்லித் தந்தீர்கள்.

தீபாவளிக்கு நாம் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். சாமானெல்லாம் வெளியே எடுத்து வைத்துக் கழுவினேன். அந்தத் துணி கறுத்துப் பிசுபிசுவென்று இருந்தது. நல்ல நாளும் அதுவுமாக இப்படி இருக்கலாமா என்று அவிழ்த்துச் சவுக்காரம் போட்டுத் துவைத்தேன். காய்ந்ததும் கட்டினேன். எந்தப் போத்தலில் கட்டினேன் என்று நான் பார்க்கவில்லை. துணி பழைய சிவப்புக்கு வரவில்லையே என்றுதான் பார்த்தேன்.

தீபாவளி முடிந்து வந்த செவ்வாய்க்கிழமை நீங்கள் ஹயர் போய்வந்து படுத்துவிட்டீர்கள். நான் காரைக் கழுவினேன். பிரேக் ஒயில் கோட்டுக்குக் கீழே இருந்தது. துணி கட்டின போத்தலை எடுத்து ஊற்றினேன். நிறையவே ஊற்றினேன். நீங்கள் எழுந்து வந்து, "ஒயில் பாத்தியாடி?" என்று கேட்டீர்கள். "ம்" என்றேன். வெள்ளிக்கிழமை வீரய்யா மாமா ஏறினார்.

உங்களைப் பார்க்க வந்த அன்று சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். அங்கே வலைக்கு இந்தப் பக்கம் அத்தனை பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒன்றை எப்படிக் கத்திச் சொல்வது? அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தேன், கார் நல்லாருக்கு என்று வந்தது.

இரண்டு மாதம் இதை மறைத்தேன். நீங்கள் தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டால் நான் தப்பிவிடலாம் என்றும் ஒரு நாள் நினைத்தேன். ஒரு நாள் இல்லை, பல நாள். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் பொலிஸில் போய்ச் சொல்லட்டுமா? அம்மாவிடம் சொல்லட்டுமா? அந்த ரப்பரைத் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படிச் செய்கிறேன். எனக்குத் தனியாக யோசிக்கத் தெரியவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
லோஜினி


ராகலை,
24.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஏழு கிழமையாகப் பதில் இல்லை. தமிழ் தெரிந்த ஐயா லீவில் போயிருப்பார் என்று அம்மாவிடம் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். வீரய்யா மாமாவுக்கு வருஷத் திதி வந்தது. அத்தை வீட்டில் சமைத்து, லயத்தில் நம் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் சொன்னார்கள். மறுநாள் அத்தை தனியாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனேன். ரப்பரையும் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன், ஆனால் ஒன்று விடாமல் சொன்னேன். வாழ்க்கையில் நான் ஒருவரிடம் அவ்வளவு பேசினது அதுதான் முதல் தடவை.

அத்தை ரப்பரை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினேழு வருஷமா வாயத் தொறக்காத புள்ள. இன்னிக்கி அண்ணனுக்காகத் தொறக்குறியா? ஒங்கம்மா சொல்லிக் குடுத்தாளா, இல்ல வக்கீலு சொல்லிக் குடுத்தானா?"

"இல்ல அத்தே, நெசமா நான்தான்."

"போடி. பொம்பளப் புள்ள மேல பழியப் போட்டா வெளிய விட்டுருவாங்கன்னு யாரு சொன்னது? இந்தக் கூத்துக்கு எலி கடிச்ச செருப்புத் துண்டு வேற. போ. நல்லதுக்குச் சொல்றேன், ஒங்கண்ணன நெனச்சி நீ ஒன் வாழ்க்கையக் கெடுத்துக்காத."

கடைசியில் என் தலையில் கை வைத்து அனுப்பினார் அண்ணா. அடித்திருந்தால் தேவலை.

ராசிக் நானாவிடமும் சொல்லிவிட்டேன். "கோட்டு முடிஞ்சிரிச்சி தங்கச்சி. இத யாருக்கிட்ட கொண்டு போய்க் காட்டுற? அவன் வரட்டும்" என்றார்.

நீங்கள் ஒருவர்தான் நம்புவீர்கள். நம்பினீர்களா?

லோஜினி


சிறைச்சாலையிலிருந்து
15.12.2024

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

மகன் தனுஷன் எழுதுவது. நான் சுகம். இதை வாசிக்கிறவர் ஒரு வரியும் விடாமல் வாசிக்கட்டும்.

அன்று நான் பிரேக்கை மிதித்தேன். பிரேக் முன்பே போயிருந்தது. இது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம். வெளியில் யாரிடமும் பேசவும் வேண்டாம், இனிப் பேசி ஒன்றும் மாறாது. என் கால் நின்றுவிட்டது. இப்போது தூங்குகிறேன். நீங்களும் தூங்குங்கள்.

காரை ராசிக் நானாவுக்கு உடைக்கக் கொடுத்துவிடுங்கள். என்ன தருகிறாரோ வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை அதை யாரும் கழுவ வேண்டாம், திறக்க வேண்டாம், தொட வேண்டாம். வெளியே வந்தாலும் நான் வாகனம் ஓட்டப் போவதில்லை. கொழும்பில் சுனிலின் மச்சானுக்குக் கட்டட வேலை இருக்கிறது. அங்கேயே போய்விடுவேன்.

இனிக் கடிதம் அப்பா பெயருக்கே போடுகிறேன். பார்க்க வருவதென்றால் நீங்கள் இரண்டு பேரும் மட்டும் வாருங்கள்.

அப்பா இருமலுக்கு மருந்து எடுக்கவும்.

மகன்,
தனுஷன்


ராகலை,
05.01.2025

அம்மா சொல்லச் சொல்ல எழுதியது.

அன்பு மகன் தனுஷனுக்கு,

அம்மா சொல்றேன் சாமி. ஒன் கடுதாசி வந்துச்சி. அப்பாவும் நானும் கேட்டோம். தூங்குறேன்னு சொன்னியே, அது போதும்டா எனக்கு. நீ ஒழுங்கா மிதிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?

போன புதன்கெழம ராசிக் நானா லொறியோட வந்து கார ஏத்திட்டுப் போயிட்டாரு. அப்பா பாக்க மாட்டேன்னு பேக்டரிக்குப் போயிட்டாரு. நான் கொழுந்து மலையிலேருந்து பாத்தேன். கார் நின்ன எடத்துல புல்லு மொளைக்காம நாலு வட்டம் கெடக்கு. அதுல கெழங்கு போடலாம்ன்னு இருக்கேன்.

கட்டட வேலன்னு சொல்ற, ஒயரத்துல ஏறாத. கொழும்புக்கு நேரா போகாத, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ.

ஒண்ணு கேக்குறேன். கடுதாசியில தங்கச்சிய ஒரு வார்த்த கேக்கலியே நீ? எப்பயும் லோஜி லோஜின்னு அவளுக்குத்தானே எழுதுவ? அவகிட்ட கேட்டா, அண்ணனுக்கு வேல ஜாஸ்தின்னு சொல்றா. சண்டையா? அது வாயில்லாத புள்ளடா. என்னா செஞ்சிருந்தாலும் நீதான் பெரியவன். சோறு எறங்க மாட்டேங்குது அவளுக்கு. இத எழுத மாட்டேன்னு பேனாவ வச்சிட்டா. நான் சத்தம் போட்டுத்தான் எழுத வச்சேன்.

சரி, பொங்கலுக்கு முன்ன அப்பாவும் நானும் வாறோம். ஒடம்பப் பாத்துக்க.

கடைசியில அவ பேரையும் போட்டுக்கடின்னு சொல்றேன். தாள்ல எடம் இல்லன்னு சொல்றா. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண்ணு தெரியாதா? பாதித் தாளு வெள்ளையாத்தானே கெடக்கு.

அம்மா, அப்பா